உயர்தர உயிரியல்: மூன்றரைப் பக்கம் எழுதியும் 150க்கு 52, எங்கே பிழை?

வன்னிக்குருவி:

எல்லாருக்கும் வணக்கம். இலங்கையில் உயர்தரம் 13ஆம் ஆண்டு, தமிழ் மூலம், பயோ படிக்கிறேன். தவணைப் பரீட்சையில் உயிரியலுக்கு 51 வந்தது. எம்சிகியூவில் (பல்தேர்வு வினாக்களில்) 50க்கு 33 சரி, அதில் பெரிய கவலை இல்லை. பகுதி 2 தான் கவிழ்த்துவிட்டது, 50க்கு 18.

கட்டுரை வினாவுக்கு நான் தெரிந்தெடுத்தது உரியத்தின், அதாவது தாவரத்தில் உணவைக் கடத்தும் இழையத்தின், வழியாக உணவு கொண்டுசெல்லப்படும் முறை. எனக்குப் பிடித்த பாடம், இரவிரவாகப் படித்த பாடம். மூன்றரைப் பக்கம் எழுதினேன், 52 போட்டிருந்தார்கள். பக்கத்து மேசைப் பிள்ளை ஒன்றரைப் பக்கம் எழுதி 104 எடுத்தாள். மிஸ்ஸிடம் கேட்டேன். "விடயம் போதாது" என்று மட்டும் சொன்னார். மூன்றரைப் பக்கத்தில் போதாத விடயம் என்ன?

என் விடையில் ஒரு பந்தியை அப்படியே போடுகிறேன்:

"இலைகளில் ஒளித்தொகுப்பு மூலம் உருவாகும் உணவு தாவரத்தின் எல்லாப் பாகங்களுக்கும் தேவைப்படுகின்றது. எனவே இவ்வுணவு உரியத்தினூடாகக் கீழ்நோக்கிக் கொண்டுசெல்லப்படுகின்றது. அங்கு அழுத்தம் கூடுவதால் உணவு ஓடிச் செல்கின்றது. வேர்களில் உணவு சேமிக்கப்படுகின்றது. இச்செயற்பாடு தாவரத்தின் வாழ்க்கைக்கு மிகவும் முக்கியமானதாகும்."

செக்கண்ட்ஷை:

தங்கச்சி, இந்தப் பந்தியை நானே எழுதியது போல இருக்கிறது. முதல் தடவை எனக்கும் இதே கதைதான். நேரக் கணக்கு போட்டீர்களா? பகுதி 2 மூன்று மணித்தியாலம். அமைப்புக் கட்டுரை (சிறு பகுதிகளாகக் கேட்கும் வினா) 4, ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம் என்றால் 80. மிச்சம் 100 நிமிடத்தில் 4 கட்டுரை, ஒன்றுக்கு 25. இருபத்தைந்து நிமிடத்தில் மூன்றரைப் பக்கம் எழுதுகிறீர்கள் என்றால் யோசிக்காமல் எழுதுகிறீர்கள் என்று அர்த்தம். கோபிக்க வேண்டாம், நானும் அப்படித்தான் எழுதினேன்.

பயோமிஸ்:

பந்தியைப் போட்டது நல்லது பிள்ளை. பலபேர் "மிஸ், நல்லா எழுதினேன்" என்று சொல்வார்களே தவிர விடையைக் காட்ட மாட்டார்கள்.

முதலில் கணக்கு. ஒரு கட்டுரை 150 புள்ளி. புள்ளித்திட்டத்தில் சரியான ஒரு கருத்துக்கு 4 புள்ளி. ஆக முழுப் புள்ளிக்கு ஏறக்குறைய 38 கருத்து வேண்டும். அமைப்புக் கட்டுரையில் ஒன்று 2.5 புள்ளி, 40 இடம், மொத்தம் 100. திருத்துபவர் உங்கள் நடையை ரசிக்க உட்காரவில்லை. கையில் உள்ள பட்டியலில் இருக்கிற கருத்து உங்கள் தாளில் இருக்கிறதா என்று பார்த்து சரி போடுவார்.

இப்போது உங்கள் பந்தியை அந்தப் பட்டியலோடு பாருங்கள். முதல் வசனம் கேள்வியின் முன்னுரை, புள்ளி இல்லை. இரண்டாவதில் "கீழ்நோக்கி" என்று எழுதியதால் வந்த புள்ளியும் போய்விடும். உரியத்தில் மேலேயும் போகும்: பூவுக்கு, காய்க்கு, விரியாத இளம் இலைக்கு. முளைக்கிற உருளைக்கிழங்கில் கிழங்கிலிருந்துதான் மேலே போகிறது. மூன்றாவது வசனத்தில்தான் முழு வினாவும் ஒளிந்திருக்கிறது, அதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அமுக்கம் எங்கே கூடியது, ஏன் கூடியது? நாலாவது பரவாயில்லை. ஐந்தாவது, மன்னிக்கவும், அது மேடைப் பேச்சு.

மூன்றாவது வசனத்தை விரித்தால் இப்படி வரும். இலையில் உருவான வெல்லம் (சர்க்கரை) சுக்குரோசாகக் கொண்டுசெல்லப்படுகிறது. சுக்குரோசு உரியத்தின் நெய்யரிக்குழாய் மூலகத்தினுள் ஏற்றப்படுகிறது. பல தாவரங்களில் இந்த ஏற்றம் உயிர்ப்பான கொண்டுசெல்லல், அதற்குக் கலத்தின் சக்தி மூலக்கூறான ஏரீபீ செலவாகும். தோழமைக் கலங்கள் இதற்கு உதவுகின்றன. சுக்குரோசு சேர்ந்ததால் நெய்யரிக்குழாயின் நீரழுத்தம் குறைகிறது. அருகிலுள்ள, நீரைக் கடத்தும் காழிலிருந்து பிரசாரணத்தால் நீர் உள்ளே வருகிறது. நீர் வந்ததால் அங்கே அமுக்கம் உயர்கிறது. மறுமுனையில், வேர் என்று வைத்துக்கொள்வோம், சுக்குரோசு வெளியே எடுக்கப்படுகிறது. அங்கே நீரழுத்தம் கூடுகிறது, நீர் வெளியேறிக் காழுக்குத் திரும்புகிறது, அமுக்கம் குறைகிறது. இரண்டு முனைக்கும் இடையிலான அமுக்க வித்தியாசத்தால் நெய்யரிக்குழாய்ச் சாறு திணிவுப் பாய்ச்சலாக, அதாவது முழுச் சாறும் ஒன்றாக, ஓடுகிறது.

எண்ணிப் பாருங்கள், பத்துக்கு மேல் வரும். 1930இல் ஏர்ன்ஸ்ட் முன்ச் சொன்ன கருதுகோள் இது. பெயரும் ஆண்டும் எழுதாவிட்டால் ஒன்றும் குறையாது. "ஏன்" என்ற கேள்வி ஒவ்வொரு வசனத்துக்கும் முதுகில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

மதுரைமல்லி:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் தமிழ்நாட்டில் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியர். மிஸ் எழுதியதை இரண்டு முறை படித்தும் தலை சுற்றுகிறது. நீரழுத்தம் குறைகிறது, அதனால் நீர் உள்ளே வருகிறது, பிறகு அமுக்கம் உயர்கிறது என்கிறீர்கள். அழுத்தமும் அமுக்கமும் ஒன்றுதானே? ஒரே நேரத்தில் எப்படிக் குறைந்து கூடும்?

பயோமிஸ்:

இந்தக் கேள்வி இன்னும் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்!

எங்கள் பாடநூலில் அமுக்கம் வேறு, அழுத்தம் வேறு. நீங்கள் இரத்த அழுத்தம் என்பதை நாங்கள் குருதி அமுக்கம் என்போம். அழுத்தம் என்று நாங்கள் எழுதினால் அது உள்ளே இருக்கிற ஆற்றல் நிலை: மின்னழுத்தம், நரம்பில் தாக்க அழுத்தம், தாவரத்தில் நீரழுத்தம். நீங்கள் நீரியல் திறன் என்று கற்பிப்பதுதான் எங்கள் நீரழுத்தம். இப்போது திரும்ப வாசியுங்கள், தலை நிற்கும்.

வன்னிக்குருவி, உங்கள் மூன்றாவது வசனத்தில் "அழுத்தம் கூடுவதால்" என்று இருக்கிறது. நீங்கள் நினைத்தது அமுக்கம். எழுதியது அழுத்தம். திருத்துபவருக்கு நீங்கள் நினைத்தது தெரியாது.

வன்னிக்குருவி:

ஐயோ. உண்மையாகவே இரண்டும் ஒன்று என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்தேன். வீட்டில் அம்மா "பிரஷர்" என்றுதான் சொல்வார், அதற்கு எது சரி என்று யோசித்ததே இல்லை.

மதுரைமல்லி:

இப்போது புரிந்தது, நன்றி மிஸ். காழ், உரியம் என்பவை சைலம், ஃபுளோயம் என்று சூழலை வைத்து ஊகித்தேன். கலம் என்றால் செல், பிரசாரணம் என்றால் சவ்வூடு பரவல், இழைமணி என்றால் மைட்டோகாண்ட்ரியா, சரிதானே? போன வாரம் உங்கள் ஊர் மாணவர் ஒருவர் "மீன் பூக்களால் சுவாசிக்கும்" என்று எழுதியதைப் பார்த்து மீனுக்கு ஏது பூ என்று திகைத்துப் போனேன். செவுளைச் சொல்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது.

எங்கள் பக்கத்துச் சிக்கல் நேர் எதிரானது. பொதுத் தேர்வில் உயிரி தாவரவியல் 35, உயிரி விலங்கியல் 35 என்று எழுதுகிற தாள் உண்டு. ஆனால் மருத்துவம் வேண்டும் என்கிற பிள்ளை நீட்டைத்தான் பார்க்கிறது. 180 கேள்வியில் 90 உயிரியல், சரி என்றால் 4, தவறு என்றால் 1 போய்விடும். எழுதிப் பழகும் வேலையே இல்லை. ஒரு செயல்முறையை முதலிலிருந்து கடைசிவரை ஏன் என்று கேட்டு எழுதச் சொன்னால் நன்றாகப் படிக்கிற பிள்ளையே தடுமாறுகிறது. இந்த இழையை என் வகுப்பில் காட்டப் போகிறேன்.

மானிப்பாயான்:

காழ் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நான் ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியன், உயிரியல் தெரியாது. ஆனால் தொல்காப்பியர் மரபியலில் புறக்காழ் (வெளியே வைரம்) உடையவை புல் என்றும் அகக்காழ் (உள்ளே வைரம்) உடையவை மரம் என்றும் பிரித்திருக்கிறார். அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் புல். பனங்காட்டுக்குள் இருந்துகொண்டு பனையைப் புல் என்றால் எங்கள் வகுப்பில் சிரிப்பார்கள்.

கடன்சொல்லும் எங்களுக்குப் புதிதில்லை. 19ஆம் நூற்றாண்டில் எங்கள் ஊரில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன், 1875இல் வந்த தன்னுடைய இரசாயன நூலுக்குக் "கெமிஸ்தம்" என்றே பெயர் வைத்தார். ஆளுக்கு ஆள் ஒரு வழி.

பயோமிஸ்:

சேர், சிரிக்க வேண்டியதில்லை. பனை ஒருவித்திலைத் தாவரம், புல்லும் ஒருவித்திலை. பனையில் தண்டைப் பருக்கச் செய்யும் கலன்மாறிழையம் இல்லை, அதனால் வேம்பு போல வருடா வருடம் உள்ளே வைரம் ஏறி பருக்காது. வெளிப்பக்கம் வைரம், நடுவில் சோறு. பனஞ்சிலாகை தறிக்கிறவருக்கு இது பாடநூல் இல்லாமலே தெரியும். நாளைக்கு வகுப்பில் 4ஆம் அலகை இப்படித்தான் தொடங்கப் போகிறேன்.

கொழும்புக்கோட்டை:

எல்லாம் சரி, இந்தச் சொல் சண்டை எதற்கு? ஆங்கில மூலத்தில் எழுதினால் இந்தப் பிரச்சினையே இல்லை. பல்கலைக்கழகத்துக்குப் போனால் எப்படியும் ஆங்கிலம்தான். நான் ஆங்கில மூலம் படித்தேன், எனக்கு அமுக்கமும் தெரியாது அழுத்தமும் தெரியாது, ஏ வந்தது.

கிளிநொச்சிக்காரி:

வசதி இருக்கிறவர் சொல்லும் பேச்சு இது, குறை நினைக்க வேண்டாம். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கில மூலத்தில் பயோ படிப்பிக்க ஆசிரியர் கிடையாது. தமிழில் படிப்பிக்கவே 12ஆம் ஆண்டு பாதிவரை ஆள் வரவில்லை. இருந்த ஒரு நுணுக்குக்காட்டியை 40 பேர் வரிசையில் நின்று பார்த்தோம். என் முறை வந்தபோது யாரோ குவியத்தைத் திருப்பிவிட்டார்கள், நான் பார்த்தது என் இமை மயிர்தான்.

இப்போது பேராதனையில் மிருக வைத்தியம் இரண்டாம் வருடம். முதல் பருவம் சரியான கஷ்டம், மறைக்கவில்லை. விரிவுரையில் ஒஸ்மோசிஸ் என்றதும் மனதுக்குள் பிரசாரணம் என்று மாற்றி, விளங்கி, திரும்ப ஆங்கிலத்தில் எழுதுவேன். இரண்டு மாதத்தில் பழகிவிட்டது. பழகினதற்குக் காரணம் பிரசாரணம் என்றால் என்ன என்பது தமிழில் எனக்கு ஐயமில்லாமல் விளங்கியிருந்ததுதான். தங்கச்சி, கொப்பியின் ஓரத்தில் ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் ஆங்கிலப் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சைக்கு இல்லை, பிறகு உதவும்.

கொழும்புக்கோட்டை:

சரி, ஆசிரியர் இல்லாத பிரச்சினையை நான் யோசிக்கவில்லை. மன்னிக்கவும்.

வன்னிக்குருவி:

அக்கா, மிருக வைத்தியம் நீங்களாகத் தெரிந்தெடுத்ததா? எங்கள் வீட்டில் பயோ என்றால் டொக்டர், இல்லாவிட்டால் திரும்ப எழுது. வேறு பேச்சே இல்லை.

கிளிநொச்சிக்காரி:

உண்மை சொன்னால் முதலில் தெரிந்தெடுக்கவில்லை, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி தெரிந்தெடுத்தது. இடங்களில் 40 சதவீதம் நாடு முழுக்கத் திறமை அடிப்படையில், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மாவட்ட ஒதுக்கீடு இருந்தும் எனக்கு மருத்துவம் மயிரிழையில் போனது. ஒரு கிழமை அழுதேன். இப்போது மாட்டின் வயிற்றுக்குள் தோள்வரை கைவிட்டுப் பார்க்கும்போது அந்த அழுகை ஞாபகம் வந்தால் சிரிப்பு வருகிறது. நாட்டில் மிருக வைத்தியம் படிக்க இருப்பது பேராதனை ஒன்றுதான், இடம் கொஞ்சம்.

விவசாயம், தாதியியல், மருந்தாளர், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், யாழ்ப்பாணத்தில் சித்த மருத்துவம் என்று பயோவுக்கு வழி கனக்க இருக்கிறது. யாழ் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில்தான் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பஸ்ஸில் அதைக் கடந்து ரியூசனுக்குப் போகிறார்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்ததில்லை.

செக்கண்ட்ஷை:

கேள்விக்குத் திரும்புவோம். 5ஆம் அலகு. விலங்கின் அமைப்பும் தொழிலும். பாதிப் புத்தகம் அதுதான் போலிருக்கிறது. நான் ரியூட்டில் (ரியூசன் குறிப்பில்) இருந்த எல்லாவற்றையும் வரிக்கு வரி பாடமாக்கினேன். பாடமாக்காமல் பயோவில் ஏலாது, யார் என்ன சொன்னாலும்.

பயோமிஸ்:

பாடமாக்க வேண்டியது இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஓமோன்களின் பெயரை விளங்கிக்கொள்ள முடியாது, பாடமாக்கத்தான் வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் அப்படிச் செய்தால் தலை தாங்காது.

ஒரு உதாரணம். நன்னீர் என்பு மீனும் கடல் என்பு மீனும் உடல் நீரை எப்படிச் சீராக்குகின்றன? ரியூட்டில் இரண்டு நிரல் அட்டவணை இருக்கும், எட்டு வேறுபாடு. பிள்ளைகள் எட்டையும் பாடமாக்கி, பரீட்சை மண்டபத்தில் நிரலை மாற்றி எழுதிவிடுவார்கள். ஒரே ஒரு விடயத்தைப் பிடியுங்கள்: நன்னீரில் மீனின் உடல் வெளிநீரைவிடச் செறிவு கூடியது. அப்படியானால் நீர் தானாக உள்ளே வரும், உப்பு வெளியே போகும். ஆகவே அது நீர் குடிக்காது, ஐதான சிறுநீரை நிறையக் கழிக்கும், போன உப்பைப் பூக்களால் உயிர்ப்பாக உள்ளெடுக்கும். கடலில் எல்லாம் தலைகீழ்: நீர் இழக்கும், கடல்நீர் குடிக்கும், கொஞ்சமாகச் சிறுநீர் கழிக்கும், கூடிய உப்பைப் பூக்களால் வெளியேற்றும். ஒரு காரணத்தைப் பிடித்தால் எட்டு வேறுபாடும் வால்போலப் பின்னால் வரும்.

செக்கண்ட்ஷை:

சரி மிஸ், இதில் தோற்றேன். ஆனால் விலங்குக் கணங்களின் இயல்புகளுக்கு நான் இன்னும் பாடமாக்கும் கட்சிதான்.

பயோமிஸ்:

அதற்கு நானும் அந்தக் கட்சிதான்.

வன்னிக்குருவி:

மிஸ், பாரம்பரியவியல் கணக்கு எனக்குப் பயம். அதைப் பாடமாக்கவும் ஏலாது, காரணம் பிடிக்கவும் தெரியவில்லை.

பயோமிஸ்:

பயோப் பிள்ளைகள் கணிதம் வேண்டாம் என்று வந்தவர்கள், அதனால் அந்தப் பயம். ஒன்றைச் செய்து பார்ப்போம். பின்னிடைவான, அதாவது தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும், ஒரு நோய் 10,000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. நோய் இல்லாமல் அந்தப் பரம்பரையலகை (ஜீனை) காவுகிறவர் எத்தனை பேர்? ஹார்டி வைன்பேர்க் சமநிலை, அதாவது பரம்பரையலகு வடிவங்களின் விகிதம் தலைமுறைக்குத் தலைமுறை மாறாத நிலை, இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயாளிக்கு இரண்டு எதிருருவும் (பரம்பரையலகின் வடிவமும்) பின்னிடைவானவை, ஆகவே 10,000இல் ஒன்று என்பது அந்த எதிருருவின் மீடிறனின் (விகிதத்தின்) வர்க்கம். வர்க்கமூலம் 0.01. மற்ற எதிருரு 0.99. காவிகள் இரண்டையும் பெருக்கி இரட்டிப்பாக்கினால் வரும்: 0.0198. 10,000 பேரில் 198 பேர்.

ஒரு நோயாளிக்கு 198 காவிகள்! இந்த எண்ணை முதன்முதலில் கண்டபோது நான் இரவு முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். இரத்த உறவுக்குள் திருமணம் செய்தால் ஏன் சில நோய்கள் தலைதூக்குகின்றன என்பது அந்த 198இல் இருக்கிறது.

மதுரைமல்லி:

பின்னிடைவான என்பது எங்கள் ஒடுங்கு பண்பு. காவி என்பதை மட்டும் இந்த ஊரில் யாரிடமும் சொல்ல முடியாது, வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள்.

கிளிநொச்சிக்காரி:

செய்முறையை விட்டுவிட்டீர்களே. தங்கச்சி, நுணுக்குக்காட்டி இல்லாவிட்டாலும் நீரழுத்தத்தை வீட்டில் காணலாம். உருளைக்கிழங்கை ஒரே நீளக் கீலங்களாக வெட்டி, ஒன்றைப் பச்சைத் தண்ணீரிலும் மற்றவற்றை வெவ்வேறு செறிவுச் சீனிக் கரைசல்களிலும் போடுங்கள். ஒரு மணித்தியாலம் கழித்து அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். தண்ணீரில் கிடந்தது விறைத்து நீண்டிருக்கும், கூடிய சீனியில் கிடந்தது துவண்டு குறுகியிருக்கும். நீளம் மாறாத கரைசல் எதுவோ அதன் நீரழுத்தம்தான் கிழங்கின் நீரழுத்தம். அமைப்புக் கட்டுரையில் இதைக் கேட்டால் கையால் செய்தவர் பிழைவிட மாட்டார். அம்மாவிடம் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், எனக்குக் கறிக்கு வைத்த கிழங்கு என்று ஏச்சு விழுந்தது.

வன்னிக்குருவி:

மூன்று நாளாகிவிட்டது, மன்னிக்கவும். கிழங்கு வெட்டினேன், ஏச்சும் வாங்கினேன். அந்தக் கட்டுரையைத் திரும்ப எழுதினேன், ஒன்றேகால் பக்கம்தான் வந்தது. நடுப்பகுதியைப் போடுகிறேன், பாருங்கள்:

"இலையில் சுக்குரோசு உயிர்ப்பான கொண்டுசெல்லலால் நெய்யரிக்குழாய் மூலகத்தினுள் ஏற்றப்படும். இதற்கு ஏரீபீ பயன்படும். இதனால் நெய்யரிக்குழாயின் நீரழுத்தம் குறையும். காழிலிருந்து நீர் பிரசாரணத்தால் நெய்யரிக்குழாயினுள் செல்லும். எனவே அங்கு அமுக்கம் கூடும். சுக்குரோசு பயன்படும் அல்லது சேமிக்கப்படும் பாகத்தில் நெய்யரிக்குழாயிலிருந்து சுக்குரோசு அகற்றப்படும். அங்கு நீரழுத்தம் கூடி நீர் காழினுள் செல்லும். அமுக்கம் குறையும். அமுக்க வித்தியாசத்தால் பொருள்கள் பரவல் மூலம் செல்லும்."

பயோமிஸ்:

கடைசி வசனம் வரை பேனையைத் தூக்காமல் சரி போட்டுக்கொண்டே வந்தேன். பரவல் இல்லை பிள்ளை, திணிவுப் பாய்ச்சல். பரவல் என்றால் மரத்தின் உச்சியிலிருந்து வேருக்குச் சுக்குரோசு வந்து சேர வருடக்கணக்காகும். தோழமைக் கலத்தையும் மறந்துவிட்டீர்கள். பெயரிடப்பட்ட வரிப்படம் ஒன்றையும் சேர்த்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள். 5ஆம் அலகிலிருந்து.

வன்னிக்குருவி:

திணிவுப் பாய்ச்சல், திணிவுப் பாய்ச்சல். சரி மிஸ், நாளைக்குச் சிறுநீரகத்தி (நெப்ரோன்) போடுகிறேன்.